அரங்கேற்ற மலரில் மொசார்ட்

ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் நடைபெற்ற பாட்டு, வயலின், மிருதங்க அரங்கேற்றங்களுக்குப் போய், மண்டப வாசலில் சந்தனம் கற்கண்டோடு கையில் தரப்பட்ட மலர்கள் ஒரு கட்டு என்னிடம் சேர்ந்துவிட்டன. வழவழப்பான தாளில் பலவர்ணத்தில் அச்சிட்ட இம்மலர்களை எவரும் வாசிப்பதில்லை என்பது எனது ஊகம். நான் மினக்கெட்டு வாசித்தேன். பெரும்பகுதி வாழ்த்துச் செய்திகள்தான். குரு, குருவின் குரு, ஆலயப் பிரதம குருக்கள், குடும்ப வைத்தியர், வீடு விற்பனை முகவர், நகரசபை உறுப்பினர் என்று வரிசை நீளும். இவர்களில் இரண்டு பேராவது தவறாமல் எழுதும் ஒரு விடயம் உண்டு. இசை பயிலும் பிள்ளைக்கு மூளை வளர்கிறது, ஞாபகசக்தி கூடுகிறது, கணக்கில் கெட்டித்தனம் வருகிறது, இதை மேலைத்தேய விஞ்ஞானிகள் நிரூபித்திருக்கிறார்கள் என்பதே அது. எழுதுபவர் வைத்தியராயின் மொசார்ட்டின் பெயரையும் சேர்த்துக்கொள்வார். வர்ணத்தில் தொடங்கித் திருப்புகழில் முடித்து, இரண்டரை மணித்தியாலம் மேடையில் இருந்து பாடிய 17 வயதுப் பெண்ணுக்கு, 18ஆம் நூற்றாண்டு ஒஸ்ரியாவிலிருந்து ஒருவர் வந்து சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது!

அந்தச் சாட்சியத்தைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யலாம்.

1993இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு பக்கக் குறிப்பொன்று வெளியாயிற்று. எழுதியவர்கள் கலிபோர்னியாவின் அர்வைனில் உள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ரொஷரும் அவரது சகாக்களும். 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொசார்ட்டின் இரு பியானோக்களுக்கான சொனாட்டா ஒன்றைக் கேட்கவைத்து, பிறகு சில சோதனைகள் கொடுத்தார்கள். மடித்து வெட்டிய கடதாசியை விரித்தால் எப்படியிருக்கும் என்று மனக்கண்ணில் காண்பது போன்றவை அவை. சும்மா அமைதியாக இருந்துவிட்டுச் செய்ததைவிட, நுண்மதி ஈவில் 8 அல்லது 9 புள்ளிகளுக்குச் சமமான அளவு அவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். 10 முதல் 15 நிமிடத்தில் அந்த விளைவு கரைந்துபோயிற்று. இவ்வளவுதான் சங்கதி. அந்தப் பரிசோதனையில் குழந்தைகள் இல்லை, கணக்குப் பாடம் இல்லை, எவரும் ஒரு சுரத்தையேனும் கற்கவும் இல்லை. கேட்டார்கள், அவ்வளவே.

ஆனால் பத்திரிகைகளுக்கு அது போதுமாயிருந்தது. 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சாஸ்திரிய இசை ஒலிப்பதிவு ஒன்றை வழங்கவென 105,000 டொலர் ஒதுக்கும்படி சட்டசபையைக் கேட்டார். அதே ஆண்டு புளோரிடாவில், அரச பணம் பெறும் பாலர் நிலையங்களில் நாள்தோறும் சாஸ்திரிய இசை ஒலிக்கவேண்டும் என்று சட்டமே வந்தது. இதற்கிடையில் மற்ற ஆய்வுகூடங்களில் அதே பரிசோதனையைச் செய்துபார்த்தவர்களில் பலருக்கு அந்த விளைவு அகப்படவில்லை. அகப்பட்டவர்களும் வேறு காரணம் சொன்னார்கள். ஒரு பரிசோதனையில் மொசார்ட்டுக்குப் பதிலாக ஸ்டீபன் கிங்கின் கதையொன்றை ஒலிக்கவிட்டார்கள். கதை பிடித்தவர்கள் கதை கேட்டபின் நன்றாகச் செய்தார்கள். இசை பிடித்தவர்கள் இசைக்குப் பின் நன்றாகச் செய்தார்கள். 2001இல் தொம்ஸன், ஷெலன்பேர்க், ஹுஸைன் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை விடயத்தைத் தெளிவாக்கிற்று. மனம் உற்சாகமாக இருந்தால் கடதாசிக் கணக்கு கொஞ்சம் நன்றாக வரும். உற்சாகத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மொசார்ட் மிஞ்சவில்லை. ஒரு கோப்பை தேநீரும் இந்தக் காரியத்தைச் செய்துவிடும் என்று நினைக்கிறேன்.

சரி, கேட்பது வேறு, கற்பது வேறு என்று வாழ்த்துரை எழுதும் வைத்தியர் சொல்லக்கூடும். நியாயமான ஆட்சேபம்தான். அதற்கான விடை நாங்கள் குடியிருக்கும் இதே நகரத்தில் தேடப்பட்டிருக்கிறது என்பது மலர்களில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. மேற்சொன்ன கிளென் ஷெலன்பேர்க் 144 ஆறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார். ஒரு பகுதிக்குக் கீபோட், இன்னொன்றுக்கு வாய்ப்பாட்டு, மூன்றாவதுக்கு நாடகம். நாலாவதுக்கு அந்த வருடம் ஒன்றுமில்லை. 36 கிழமை வகுப்பு, ரொறொன்ரோவின் றோயல் கொன்சவேற்றரியில், இலவசமாக. 2004இல் முடிவு வெளியாயிற்று. எல்லாப் பிள்ளைகளின் நுண்மதி ஈவும் உயர்ந்திருந்தது. பள்ளிக்கூடம் தொடங்கிய வருடம் அல்லவா. இசை கற்றவர்களுக்குச் சராசரியாக 7.0 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3. வித்தியாசம் 2.7 புள்ளி! அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. மற்றப் பிள்ளைகளோடு பழகும் தன்மையில் முன்னேற்றம் கண்டவர்கள் நாடகம் பயின்ற பிள்ளைகள்தான். இசைப் பிள்ளைகளிடம் அது காணப்படவில்லை. இந்த முடிவை நமது எந்த வாழ்த்துரையும் சொல்லாது, ஏனெனில் நாங்கள் பிள்ளைகளை நாடகத்துக்கு அனுப்புவதில்லை.

அந்த 2.7 புள்ளியும் நிலைத்து நிற்கவில்லை. 2020இல் ஜியோவானி சாலா, பெர்னாண்ட் கோபே ஆகிய இருவரும் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பிள்ளைகளின் தரவுகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டார்கள். ஆய்வு எவ்வளவுக்கு இறுக்கமாக வடிவமைக்கப்பட்டதோ, அவ்வளவுக்கு இசையால் வரும் புத்திக்கூர்மையும் பூச்சியத்தை நெருங்குவதாகக் கண்டார்கள். இதை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளரும் உளர். விவாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று அச்சடிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்பதே என் கட்சி.

* * *

இசையால் கணக்கு வராது என்றால் இசை வகுப்பை விட்டுவிடலாமா? இந்தக் கேள்வி ஒரு பெற்றாருக்கு இயல்பாகவே எழுகிறதென்றால், அவர் இசையை எதற்காக வாங்கினார் என்பது வெளித்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் சங்கீதத்தை எப்போதும் ஒரு தகைமையாகவே கண்டது. சங்கீதச் சோதனையில் எத்தனையாம் தரம் பாஸ் என்பது கலியாணப் பேச்சில் ஒரு வரி. பெண்பிள்ளை பாடத் தெரிந்தவளாக இருக்கவேண்டும், கலியாணத்தின் பின் பாடவேண்டிய தேவையில்லை. இன்னொரு பக்கத்தில், கோயில் வீதியில் இரவு முழுக்க நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர்களைச் சாதிப்பேர் சொல்லித்தான் அழைத்தோம். யாழ்ப்பாணத்துத் தவிலுக்கு இந்தியாவிலேயே மதிப்பிருந்தது என்று பெருமை பேசிக்கொண்டு, அந்தத் தவில்காரரின் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள் நாங்கள். இசையைக் காதலித்தவர்கள் நம்மிடையே இருக்கவில்லை என்பதல்ல. விபுலானந்தரின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீதக் கல்லூரி தொடங்கப்பட்டு மகாராஜபுரம் சந்தானம் போன்ற ஒருவர் வந்து அதிபராயிருந்தார். ஆனால் இவற்றுக்கும் சராசரிக் குடும்பத்தின் சங்கீத வகுப்புக்கும் இடையில் நின்றது சான்றிதழ்தான். புலம்பெயர்ந்தபோது அதையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே கலியாணச் சந்தையில் அதன் பெறுமதி குறைந்துபோக, பல்கலைக்கழக விண்ணப்பமும் மூளை வளர்ச்சியும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன.

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்ற படிமுறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது மரபு. 500 வருடத்துக்கு முந்திய ஒரு மகா ஆசிரியரின் மூளை அதில் வேலை செய்திருக்கிறது. மாயாமாளவகௌளையில் தொடங்குவதன் சூட்சுமத்தைப் பாடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனால் அந்தப் படிமுறை, வீட்டிலும் கோயிலிலும் தெருவிலும் அந்த இசையின் நடுவிலேயே கிடந்த பிள்ளைக்காக வகுக்கப்பட்டது. ஸ்காபரோ அடுக்குமாடியொன்றில் பிறந்து, அந்த இசையைச் சனிக்கிழமை பத்திலிருந்து பதினொரு மணி வரை மட்டுமே கேட்கும் பிள்ளைக்குச் சரளி வரிசை என்பது பாஷை தெரியாதவனுக்கு இலக்கணம் படிப்பிப்பது போன்றது. ஹங்கேரியின் ஸொல்தான் கொடாய் இந்தப் பிரச்சினையை வேறு முனையிலிருந்து தொட்டவர். பிள்ளைக்கு முதல் வாத்தியம் அதன் குரல், முதல் பாடம் அதன் தாய்மொழி நாட்டார் பாட்டு, குறியீடும் இலக்கணமும் அதற்குப் பிறகு என்றார். 1950இல் அவரது பிறந்த ஊரான கெச்கெமேத்தில் அந்த முறையில் ஒரு பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. ரொறொன்ரோ ஆய்வின் வாய்ப்பாட்டுப் பிள்ளைகள் பயின்றதும் கொடாய் முறையைத்தான். நமது ஆசிரியர்களில் எத்தனை பேர் முதல் வகுப்பை ஊஞ்சற் பாட்டோடோ, கும்மியோடோ, அருவிவெட்டுப் பாட்டோடோ தொடங்குகிறார்கள்? ஒரிருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் சோதனைக்குப் பிந்துகிறார்கள் என்று பெற்றார் முறைப்பாடு செய்வதையும் கேட்டிருக்கிறேன்.

தியாகராஜ கீர்த்தனையை இங்கிலீஸ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய மாநாட்டிலிருந்து 1943இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கம் வரை அந்தச் சண்டை நடந்து முடிந்தது. தெலுங்கின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இன்றைய நிலையில் அப்பிள்ளைகள் தேவாரத்தையும் இங்கிலீஸ் எழுத்தில்தான் பாடுகிறார்கள். எது விளங்கிப் பாடுவது, எது விளங்காமல் பாடுவது என்ற வேறுபாடே அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. அரங்கேற்றம் முடிந்து ஆறு மாதத்தில் சுருதிப் பெட்டி அலுமாரிக்குள் போய்விடுகிறது. என் பழக்கத்தில் உள்ள பிள்ளைகளில், மேடையேறிய பின்னும் தன்பாட்டில் பாடிக்கொண்டிருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

* * *

இனிச் சிகிச்சை. இசையின் பயன் என்று ஏதாவது உண்டென்றால், அதை நேர்மையாகத் தேடவேண்டிய இடம் மேடையல்ல, வைத்தியசாலை என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் அங்கே தோல்வி தெரிந்துவிடும்.

பாரிசவாதம் வந்து மூளையின் இடப்பக்க முன்பகுதி பழுதுபட்டவர்களில் சிலருக்குப் பேச்சு போய்விடும். தண்ணீர் என்ற சொல்லை வாய்க்குக் கொண்டுவர முடியாதவர், பழைய பாட்டொன்றைச் சொற்களோடு முழுதாகப் பாடிவிடுவார். இதை வைத்தியர்கள் நீண்டகாலமாகக் கண்டு வியந்திருக்கிறார்கள். 1973இல் பொஸ்ரனில் அல்பேட், ஸ்பாக்ஸ், ஹெல்ம் ஆகியோர் இதையே ஒரு வைத்திய முறையாக்கினார்கள். அன்றாடம் தேவைப்படும் சிறு வாக்கியமொன்றை ஏற்றமும் இறக்கமுமாக இரண்டே சுரத்தில், இடது கையால் தட்டிக்கொண்டு நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து இழுத்துப் பாடுவது. பிறகு சிகிச்சையாளர் மெல்ல மெல்லத் தன் குரலை விலக்கிக்கொள்வது. கடைசியில் பாட்டையும் விலக்கிவிடுவது. நமது பாட்டு வாத்தியார் தொடையில் தாளம் போட்டபடி பாட்டுச் சொல்லித்தரும் காட்சி ஞாபகத்துக்கு வருகிறதா? நடை தளர்ந்தவர்களுக்குச் சீரான தாளத்தை ஒலிக்கவிட்டு அதன் காலத்துக்கு அடியெடுத்து வைக்கப் பழக்கும் முறையும் இவ்வாறு வந்ததே. மைக்கல் தௌற் என்பவர் அதைப் பாரிசவாதக்காரரிடமும் பார்க்கின்சன் நோயாளரிடமும் ஆராய்ந்திருக்கிறார்.

2008இல் ஹெல்சிங்கியிலிருந்து தெப்போ சார்க்காமோவின் ஆய்வு வெளியாயிற்று. 60 பாரிசவாத நோயாளிகள். ஒரு பகுதியினர் இரண்டு மாதம், நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமாவது பாட்டுக் கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் ஒலிப்புத்தகம் கேட்டார்கள். மற்றவர்களுக்கு வழமையான வைத்தியம் மட்டும். பாட்டுக் கேட்டவர்களுக்குச் சொல் ஞாபகமும் கவனமும் கூடுதலாகத் தேறின, மனச்சோர்வும் குறைவாயிருந்தது. அவர்கள் கேட்டது மொசார்ட்டை அல்ல. தாங்களே தேர்ந்தெடுத்த பாட்டுகளை.

2013இல் நியூயோர்க்கின் ஜோஆன் லோவி தலைமையில் 11 வைத்தியசாலைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்விலும் இதே விடயம் வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைக்குத் தாயோ தகப்பனோ தமக்குப் பிடித்த, தம் குடும்பத்துக்குரிய பாட்டைச் சொல்லவேண்டும். சிகிச்சையாளர் அதைத் தாலாட்டு நடைக்கு மாற்றிக் குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப நேரடியாகப் பாடுவார். குழந்தைகளின் இதயத்துடிப்பு, தூக்கம், பால் குடித்தல் ஆகியவற்றில் மாற்றம் தெரிந்தது. பெற்றாரின் பதற்றமும் குறைந்தது. மலிவான இறுவட்டு ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடவிடுவதல்ல அவர்கள் செய்தது என்பதைக் கவனிக்க.

தோல்வி தெரிந்துவிடும் என்றேனே. இங்கிலாந்தின் வூஸ்ரர் பகுதியில் 1959இல் சந்தித்த போல் நோர்டொவ் என்ற இசையமைப்பாளரும் கிளைவ் றொபின்ஸ் என்ற ஆசிரியரும் பேசாத பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒரு வழியைக் கண்டார்கள். பிள்ளை வீரிட்டு அழுதால் அந்த அழுகையின் சுரத்தைப் பியானோவில் பிடித்து வாசிப்பது. மேளத்தில் அடித்தால் அந்த அடிக்குப் பதில் சொல்வது. நேரில் பார்த்தவர்களை உருகவைத்த முறை இது. 2017இல் ஒன்பது நாடுகளில் ஓட்டிசம் உள்ள 364 பிள்ளைகளிடம் இத்தகைய சிகிச்சையைச் சோதித்தபோது, ஐந்து மாத முடிவில் நோய்க்குறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வை நடத்தியவர்கள் இசைச் சிகிச்சையாளர்களும்தான். முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். ஒரு துறை முதிர்ச்சியடைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் எனக்குத் தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் பிள்ளையும் இன்னொருவரும் ஒலியால் பேசிக்கொண்டதன் பெறுமதி நோய்க்குறிப் புள்ளிகளில் அடங்குமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியையும் அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு ஒப்பிட்டால் நம்மிடையே புழங்கும் 'ராக சிகிச்சை'ப் பட்டியல்கள் வெட்கத்தைத் தருகின்றன. இரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், நீரிழிவுக்கு ஒரு ராகம், தூக்கத்துக்கு நீலாம்பரி. யாரிடம், எத்தனை பேரிடம், எப்போது பார்த்தது என்ற விபரம் ஒன்றும் கிடையாது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர். சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தியவர். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டவர். மருந்தும் இசையும் ஒருங்கே தெரிந்த அந்த மனிதர் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டியது சுருதிகளின் கணக்கோடு. அந்தப் பொறுமையில் நூற்றில் ஒரு பங்கு பட்டியல்காரர்களிடம் இல்லை. ராகத்துக்கும் உணர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதிடுவதும் தவறுதான். 1999இல் ரொறொன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரா-லீ போல்க்வில், வில்லியம் தொம்ஸன் ஆகிய இருவரும் இந்துஸ்தானி இசையில் பழக்கமில்லாத 30 பேருக்கு ராகங்களைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் மகிழ்ச்சி, சோகம், கோபம் ஆகியவற்றைச் சரியாக இனங்கண்டார்கள், சாந்தத்தைத்தான் அவ்வளவு தெளிவாகப் பிடிக்க முடியவில்லை. வேகம், சுரங்களின் நெருக்கம் போன்ற சில அடையாளங்கள் பண்பாட்டைத் தாண்டியும் போகின்றன என்றும், மிச்சம் வளர்ப்பில் வருவது என்றும் இதை விளங்கிக்கொள்ளலாம். அந்த மிச்சம்தான் நமக்கு முக்கியம். நீலாம்பரி என்னைத் தூங்கவைக்கிறதென்றால் அதில் ஒரு திண்ணையும் ஒரு மனிசியின் மடியும் இருக்கின்றன. ஒஸ்லோவில் பிறந்த என் மருமகனுக்கு அது வெறும் சுரம்.

* * *

மிச்சம் நல்லதாகவே இருக்கவேண்டும் என்ற விதியும் கிடையாது. இசை ஆற்றும் என்று பாடுபவர்கள் இந்த இடத்தை விரைந்து தாண்டிவிடுகிறார்கள். குவாந்தனாமோவில் கைதிகளை உடைப்பதற்கு மணிக்கணக்காகப் பெருஞ்சத்தத்தில் பாட்டுப் போட்டார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு, இறந்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் வாகனத்தின் ஒலிபெருக்கியில் அந்தச் சோக இசை கேட்கத் தொடங்கியதும் வயிறு எப்படிச் சுருங்கும் என்பது தெரியும். பெயர் வரும்வரை பாட்டுத்தான் வரும். அதே காலத்து எழுச்சிப் பாடல்கள் ஒருவருக்குத் தன் இளமையின் உச்சம், அடுத்த வீட்டுக்காரிக்குப் பள்ளிக்கூடத்தால் வராத மகன். இங்கே ஒரு மண்டபத்தில் அந்தப் பாடலொன்று ஒலித்தபோது எல்லோரும் எழுந்து நிற்க, ஒரு தாய் மட்டும் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போனதைக் கண்டேன். யாரும் பின்னால் போகவில்லை. அரசியல் வேறுபாடாக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

மட்டக்களப்பில் 1996இல் கனடிய ஓவியர் போல் ஹோகன் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றி நமது சஞ்சிகைகளில் இன்னும் எழுதியிருக்கவேண்டும். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒரு வளவுக்குள் கூட்டிவந்து மண் பிசைய, படம் கீற, கதை கட்ட, பாட, ஆட விட்டார்கள். தரமும் சான்றிதழும் அங்கே இருக்கவில்லை. ரொறொன்ரோவில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரு தோட்டத்தில் ஹோகன் பெற்ற அனுபவம் மட்டக்களப்புக்குப் போயிற்று. எதிர்த்திசையில் ரொறொன்ரோத் தமிழருக்கு அங்கிருந்து எதுவும் வந்துசேரவில்லை. நாடகம் பயின்ற பிள்ளைகள்தான் பழகக் கற்றார்கள் என்ற ஆய்வு முடிவை இதோடு சேர்த்துப் பாருங்கள். பாட்டையும் நாடகத்தையும் பிரிக்காத கூத்து நம்மிடம் இருந்தது. வைரமுத்துவின் மயான காண்டத்தை மேடைக்கு முன்னால் பாயில் கிடந்து கேட்டே பாடப் பழகியவர்கள் எங்கள் ஊரில் பலர். புலம்பெயர் நாட்டில் கூத்துக்கு அரங்கேற்ற மலர் அச்சிடுவாரில்லை.

* * *

இவ்வளவும் பிள்ளைகளைப் பற்றிய கதையாகவே போய்விட்டது. உண்மையில் இப்போது அவசரம் முதியவர்களிடம்தான். எண்பதுகளில் முப்பது நாற்பது வயதில் வந்திறங்கியவர்கள் இன்று மூத்தோர் இல்லங்களில் இருக்கிறார்கள். மறதி நோய் வந்தால் பின்னர் கற்ற மொழி முன்னர் போய்விடுவதுண்டு. தாதி சொல்வது இவர்களுக்கு விளங்காது, இவர்கள் சொல்வது தாதிக்கு விளங்காது. 2014இல் வந்த 'அலைவ் இன்சைட்' என்ற விவரணப் படத்தில், தலைகுனிந்து கிடந்த ஹென்றி என்ற முதியவர் தன் காலத்துப் பாட்டு காதில் விழுந்ததும் கண் விரிந்து பேசத் தொடங்கும் காட்சி உலகமெங்கும் பரவியது. படக்காட்சியை வைத்து வைத்தியம் எழுதக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் நான் கிழமைக்கு ஒருமுறை போய்வரும் இல்லத்தில், நல்ல மனமுள்ள ஒரு தாதி 'இந்திய இசை' என்று சித்தார் ஒலிப்பதிவொன்றை ஓடவிட்டிருந்தார். பாஷையூரிலிருந்து வந்த கத்தோலிக்க மனிசிக்கும் வந்தாறுமூலையிலிருந்து வந்தவருக்கும் அது ஒன்றுதான், ஒன்றுமில்லைதான். முதலாமவர் அசைந்தது தவக்காலத்துப் பசாமுக்கு. மற்றவர், பள்ளிக்கூடத்தில் காலையில் படித்த தேவாரத்துக்கு. ஒரு ஐயா சிலோன் மனோகரின் பொப்பிசைக்கு விரலால் கதிரைக் கையைத் தட்டினார். கீர்த்தனைக்கு ஒருவரும் அசையவில்லை. அந்த இல்லத்துக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் சங்கீதத்தில் ஆறாம் தரம், ஏழாம் தரம் படித்தவர்களும் உண்டு. பாட்டியின் பாட்டு எதுவென்று அவர்களுக்குத் தெரியாது, வகுப்பில் அது பாடத்திட்டத்தில் இல்லை.

ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய கார் ஓட்டத்தில், வாட்டர்லூவின் வில்ஃபிரிட் லோரியே பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சையைப் பட்டப்படிப்பாகக் கற்கலாம். அரங்கேற்றம் கண்ட பிள்ளைகளில் சிலராவது அந்தப் பக்கம் போனால் அவர்கள் கற்ற சுரஞானம் வீணாகாது. தமிழில் பாடத் தெரிந்த, தாளம் தெரிந்த, அதோடு பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுமையும் உள்ள பிள்ளைகள் வேண்டும்.

ஆட்களின் நெஞ்சில் ஆழமாகத் தங்குவது பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் கேட்ட பாட்டுகள்தான் என்று ஞாபகத்தை ஆராய்வோர் சொல்கிறார்கள். இன்று எண்பது வயதில் இருப்பவருக்கு அது இலங்கை வானொலியின் ரி. எம். சௌந்தரராஜனும் சுசீலாவும். எங்கள் வயதுக்காரருக்கு இளையராஜா. அதற்கடுத்து வந்தவர்களுக்கு, 1990இல் பதினைந்து வயதில் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவர்களுக்கு, அந்தப் பட்டியலில் என்ன இருக்கும்? அத்தகைய நண்பர் ஒருவரிடம், மறதி வந்தால் உனக்கு எதைப் போடவேண்டும் என்று கேட்டு எழுதித் தரச் சொன்னேன். பகிடி என்று நினைத்துத்தான் தொடங்கினார். இரண்டு கிழமை கழித்து ஒரு கொப்பித் தாளைத் தந்தார். 22 பாட்டுகள் எழுதியிருந்தார். நாலைந்து இயக்கப் பாட்டுகள் இருந்தன. அவற்றில் இரண்டைப் பேனையால் வெட்டி, பிறகு ஒன்றை மட்டும் திரும்ப ஓரத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'மனிசி பக்கத்தில் இருந்தால் மட்டும்' என்று குறித்திருந்தார்.